புதுத் தண்ணீரில் அண்ணன் பிடிக்காத கெளுத்தி

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான் எழுத வேண்டும்.

பெரணமல்லூர் பக்கம் பிறந்தவர். அப்பா இறந்தபின் ஆரணிக்கு வந்து தறி வேலையில் சேர்ந்தார். எனக்குத் திருமணம் முடிக்கும்வரை தமக்கென எதையும் யோசிக்கவில்லை. பிறகு யோசிக்கக் காலம் கடந்துவிட்டது. விசைத்தறிச் சத்தத்தில் முப்பது ஆண்டுகள் நின்றதில் காது போயிற்று. கல்யாண வீடுகளில் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். எல்லாரும் சிரிப்போம். மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் ஓய்வு நாட்களில் ஏரிதான். மண்புழு கோத்துக் கெளுத்தி பிடிப்பார். கலங்கல் நீரில் அது மீசையால் தடவித்தான் இரையை அறியும், உடனே இழுக்காது என்பார். தக்கை கட்டாமல், தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக் காத்திருப்பார்.

என் மகளின் மறுவீட்டு விருந்துக்கு அவரிடம் மீன் கேட்டிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. வெறுங்கையோடு வந்தார்.

"மீன் எங்கண்ணா?"

"புதுத்தண்ணில எதுத்து ஏறிகினு இருக்குதும்மா. எல்லாம் சினை. புடிக்க மனசு வரல."

சம்பந்தி வீட்டார் எதிரில் எனக்கு அவமானமாகிவிட்டது. "காதும் கேக்கல, ஒரு வேலைக்கும் ஆவல. இன்னாத்துக்குதான் இருக்கிறியோ" என்றேன். கேட்காது என்ற தைரியத்தில் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் போய்விட்டார். இரண்டு ஆண்டுகள் என் வாசல் மிதிக்கவில்லை.

கடைசியில் நானே ஏரிக்குப் போனேன். பையை நகர்த்தி இடம் விட்டார். நரம்பை என் விரலில் சுற்றினார்.

"ஜல்தி இழுக்காத. அது தொட்டுப் பாக்கும், உட்டுடு."

நீரையே பார்த்திருந்தவரிடம் "மன்னிச்சிடுண்ணா" என்றேன்.

"ஆங்?"

கரையில் வேறு நாலு பேர் இருந்தார்கள். உரக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஒண்ணுமில்லண்ணா."

அடுத்த மாதம் அதே கரையில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. மீனுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து வெகுநேரம் யாரும் கிட்டே போகவில்லையாம்.

அவரைத் தூக்கி வந்த ஏரிக்கரை அன்பர்களுக்கும், அன்று தறியை நிறுத்திய முதலாளிக்கும் நன்றி. அண்ணனின் பக்கத்து வீட்டு அக்கா, அவர் என் வாசலுக்கு வராத அந்த இரண்டு ஆண்டும் தினம் ஒரு வேளை சோறு கொடுத்ததைக் காரியத்தன்றுதான் அறிந்தேன். அக்கா, உங்களுக்கு நன்றி. அது நான் போட்டிருக்க வேண்டிய சோறு.