பிராதில் எழுதாத பெயர்

இன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் குடிநீர்க் குழாயை வைத்து ஒரு சண்டை. நாற்பது செய்தி, நாலு கும்பிடு, கடைசியில் ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். இதெல்லாம் ஒரு சண்டையா, சொல்லுங்கள்? எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன்.

சண்டை என்றால் மல்லிகா அக்காவும் செல்வி அக்காவும்தான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இருவருக்கும் அடுத்தடுத்த கொட்டகை, பொதுவில் ஒரே சூளை. அதில் சரக்கு அடுக்குவது என் வேலை. சூளை திறக்கிற நாளெல்லாம் தெருவில் திட்டுதான். உன் மூஞ்சிக்கு எத்தனை பூச்சு பூசினாலும் பளபளப்பு வராது என்பார் இவர். உன் வாயைச் சூளையில் வைத்தாலும் வேகாது என்பார் அவர். சாயங்காலம் ஒரே டீயை இருவரும் பாதிப் பாதி குடிப்பார்கள்.

ஒருநாள் சேத்தியாத்தோப்பு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், காயட்டும் என்று செல்வி அக்கா ஒதுக்கி வைத்திருந்த பிள்ளையார் பொம்மைகளையும் சூளையில் சேர்த்து அடுக்கிவிட்டேன். ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். வெடித்தது. சில்லு தெறித்து மல்லிகா அக்காவின் சரக்கு முழுதும் பாழ்.

“வேணும்னே ஈரத்த வச்சிருக்கா. எம் பொழப்பக் கெடுத்துட்டா,” என்றார் மல்லிகா அக்கா, நடுத்தெருவில்.

செல்வி அக்கா திருப்பித் திட்டவில்லை. “எம் புள்ள மேல சத்தியமா நான் வைக்கல,” என்று மட்டும் சொல்லி நின்றார். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். குறையைக் காகிதத்தில் எழுதிச் சாமியிடமே வழக்கு வைப்பது. மல்லிகா அக்காவுக்கு எழுதத் தெரியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமென்று என்னையே கூப்பிட்டார்.

“செல்வி பேர பெருசா எழுதுப்பா.”

கை வரவில்லை. ‘ஈரச் சரக்கை அடுக்கியவர் யாரோ, அவரைக் கேளும்’ என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, என் மேல் நானே பிராது எழுதியிருக்கிறேன்.

அதன்பின் அவர்கள் சண்டையே போடவில்லை. பேசினால்தானே சண்டை. செல்வி அக்கா கொட்டகையை மூடிவிட்டு நல்லூருக்குப் போய்விட்டார். பிராதை, கொடுத்தவர்தான் வாபஸ் வாங்க வேண்டும். அடுக்கியது நான்தான் என்று சொல்லி வாபஸ் வாங்கவைக்க, போன வருஷம் தைரியமாகப் போனால், மல்லிகா அக்கா படத்துக்கு மாலை போட்டிருந்தது.

நல்லூர் பஸ்ஸில் மூன்று தடவை ஏறி, கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். செல்வி அக்கா திட்டுவார் என்று பயமில்லை. அன்றைக்குப் போலத் திட்டாமல் நின்றுவிட்டால் என்ன செய்வேன்?