பூனையும் நான்கு டம்ளர்களும்

இல்லை காதர், பூனை குறுக்கே வந்தது. கறுப்புப் பூனை. நீ கீழே தெருவில் டிரைஷா வண்டியில் கேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், உனக்கு எப்படித் தெரியும்? அறுபது வருஷமாக இதே பேச்சு. நேற்றுக் காலையில்கூட, பசியாறும்போது, அடுத்த தடவை பார்த்தால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சண்டையை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிடோக்கிலிருந்து அவன் மகன் யூசுப் போன் செய்தான். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க." காதர் போய்விட்டான்.

நம் பழைய ரொட்டிக் கடை ஆட்களில் மிச்சம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் காதர் சிரிப்பான். அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்தக் கடையில் காதர் கேக்குக்குச் சர்க்கரைப் பூச்சுப் பூசுவான். நான் கொண்டுபோய்க் கொடுப்பவன். முதலாளியிடம் மூன்று அடுக்குக் கண்ணாடி ஸ்டாண்டு ஒன்று இருந்தது. கல்யாணக் கேக்கோடு போகும், மறுநாள் திரும்பி வரும். "அது உடைஞ்சா நீ வேலைக்கு வர வேணாம்" என்று என்னிடம் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் கொடுப்பார். என் மனைவி அப்போது மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

அன்று நோரிஸ் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கப்பற்படைத் தளத்தில் குமாஸ்தா வேலை, சாயங்கால வரவேற்புக்கு அவருடைய வெள்ளைக்காரத் துரை வருகிறார். அதற்காகத்தான் கேக். கீழே சமையல்காரர்கள் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டாண்டோடு படியேறினேன். பாதிப் படியில் அது கையைவிட்டுப் போனது. பூனை, சொன்னேனே.

சத்தம் கேட்டு காதர் மேலே வந்தான். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பூனை எங்கடா?" என்றான்.

"ஓடிருச்சு."

"உன் வாயில என்ன?"

நான் மென்றதை விழுங்கினேன். பெண்ணின் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காதர் அவரிடம் போகவில்லை, நேரே பெண்ணின் அம்மாவிடம் போனான். "அம்மா, சீர்ப் பாத்திரத்தையெல்லாம் கொஞ்சம் பாக்கலாமா?"

"இருக்கிறதெல்லாம் எடுத்துக்குங்க தம்பி. மானம் போகாம இருந்தாச் சரி."

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை அண்டாவைக் கவிழ்த்து அடிப்பீடம் ஆக்கினான். அதன்மேல் பெரிய தாம்பாளம், அதில் பெரிய கேக். பழக் கேக்கின் மேல் அவன் பூசிய பூச்சு சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும், எதையும் தாங்கும். அடுத்த அடுக்குக்குத் தூணாக நான்கு பித்தளை டம்ளர்கள் எடுத்தான். எல்லாம் ஒரே உயரம் என்று நான் நினைத்தேன். அவன் நம்பவில்லை. டம்ளர்களைத் தரையில் கவிழ்த்து, மேலே நடுத்தரத் தாம்பாளத்தை வைத்து, அதில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் மெல்ல ஒரு ஓரமாக நகர்ந்து நின்றது.

"அந்தப் பக்கம் இருக்கிறவன் குட்டை" என்றான். "உன்னை மாதிரி."

கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கினான். பெயர் அச்சடித்த பக்கத்தைத் தொடாமல், வெற்றுப் பக்கத்தில் காசளவு துண்டுகள் கிழித்து, ஒவ்வொன்றாக அந்த டம்ளருக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில் செருகினான். நான்காவது துண்டில் தண்ணீர் தாம்பாளத்தின் நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது. படித்த இஞ்சினியர் என்ன செய்வாரோ தெரியாது. காதர் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் செய்தான்.

மேல் அடுக்குக்கும் அப்படியே. சிகரெட் டப்பிகளின் வெள்ளித்தாளை விருந்தாளிகளிடம் கேட்டு வாங்கி டம்ளர்களைச் சுற்றினான். மிச்சப் பூச்சைப் பசையாக வைத்து ஒட்டினான். விளிம்பில் மல்லிகைச் சரம். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி ஸ்டாண்டு இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

துரை வந்தார், கேக்கைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் முதலாளி. அவருக்கும் அழைப்பு உண்டு என்பதை நான் மறந்தே போனேன். முதலாளி கிட்ட வந்து ஒரு டம்ளரை நகத்தால் தட்டினார். டங் என்றது.

"யாரு செஞ்சது?"

"நான்தான் முதலாளி" என்றான் காதர்.

"கண்ணாடியை உடைச்சது?"

"அதுவும் நான்தான்."

அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முதலாளி அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். காதரை அனுப்பிவிட்டால் பூச்சுப் பூச ஆள் கிடையாது, அது எங்கள் மூவருக்கும் தெரியும். "என் கண்ணாடி இப்படிச் சத்தம் போடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் வேணாம்லா" என்றான். "பூனை இல்லைன்னு ஒரு தடவை சொல்லு, போதும்." நான் சொல்லவில்லை. என் பேரன் கல்யாணத்திலும் கேட்டான். போன நோன்புப் பெருநாளுக்கும் கேட்டான்.

பெண்ணின் அம்மா அந்தக் குட்டை டம்ளரை அவனுக்கே கொடுத்திருந்தார். அவன் அதை என்னிடம் தள்ளிவிட்டான். இன்றும் அதில்தான் கோப்பி குடிக்கிறேன். விளிம்பில் ஒரு பொட்டுப் பூச்சு இருந்தது, அதைத் தேய்க்கக் கூடாது என்று வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த டம்ளரும், எந்தத் தட்டைப் பார்த்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்கிற புத்தியும்தான்.

அடக்கம் முடிந்து, பிடோக்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தோம். யூசுப் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான். அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன்.

"யூசுப், அந்தப் பூனை இருக்கே..."

"பூனை இல்லைன்னு அத்தாவுக்கு அன்னைக்கே தெரியும் மாமா. கையில வடை ஒண்ணா ரெண்டாங்கிறதுதான் தெரியலன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"அதைத்தான்பா சொல்ல வர்றேன், அன்னைக்கு..."

லிஃப்டு பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "வந்துடுறேன் மாமா" என்று எழுந்து போய்விட்டான்.

ரெண்டு, காதர்.