தானாக இறங்கிவிடும் என்றார்கள்

தென்னூர் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் என் மனைவி கலைச்செல்வியின் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். குழந்தை இல்லை என்று மருத்துவமனைகளுக்கு அலைந்த நாலு வருடமாக அப்படித்தான். மாத்திரை, ஊசி எல்லாம் அவளுக்கு. முந்தின வருடம் வேறோர் இடத்தில் லேப்ராஸ்கோப்பியும் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்ப்பது) செய்துவிட்டார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. என்னை யாரும் கேட்கவே இல்லை.

புதிய டாக்டரம்மாதான் கேட்டார். "இவருக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?"

எடுத்தோம். விந்தில் உயிரணுவே இல்லை. ஆண்களுக்கான மருத்துவர் என்னைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ரெண்டு விதையும் பையில இல்லைங்க. வீட்ல யாரும் சொல்லலையா?"

மீசை முளைத்தது, குரல் உடைந்தது, தாம்பத்தியத்திலும் குறையில்லை. என் உடம்பு வாகு இப்படி என்றிருந்தேன். பள்ளியில் பல்லையும் கண்ணையும் பார்த்த மருத்துவர்கள் இதைப் பார்க்கவில்லை.

விதைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகிக் கீழே இறங்குமாம். சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு இறங்கும். ஆறு மாதத்திலும் இறங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும். உள்ளேயே தங்கினால் உடற்சூட்டில் உயிரணு உண்டாக்கும் திறன் கெடும். பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

அந்த ஞாயிறே அப்பா அம்மாவைப் பார்க்கத் தொட்டியம் போனோம். அம்மா மறைக்கவில்லை.

"பொறந்தப்பவே நர்சம்மா சொன்னாங்கப்பா. தானா இறங்கிடும்னாரு டாக்டரு. அப்புறம் யாரும் கேக்கல."

"ஆம்பளப் புள்ள சமாச்சாரம்," என்றார் அப்பா. "வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா?"

கலை சொன்னாள்: "குடுத்தது எங்க வீடு, மாமா. என் வயித்தத் தொளச்சுப் பாத்தாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா எழுந்து வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வயிற்றுக்குள் சுருங்கிக் கிடந்த வலது விதையை எடுத்துவிட்டார்கள். தொடையிடுக்கில் நின்ற இடதைப் பையில் இறக்கித் தைத்தார்கள். பயாப்ஸியில் (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்று இல்லை. உயிரணுவும் இல்லை.

அடுத்த வருடம் ஸ்ரீரங்கத்தில் என் தம்பிக்கு மகன் பிறந்தான். ஒரு பக்கம் இறங்கவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்று தம்பியின் மாமனார் வீட்டில் பேச்சு எழுந்தது. ஆறு மாதம் முடிந்ததும் கலையே குழந்தையையும் தம்பி மனைவியையும் ஆட்டோவில் ஏற்றி, குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். முதல் பிறந்தநாளுக்குள் அறுவை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் என்பதால், வளர்ந்தபின் அவன் தகப்பனாவதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது என்றார் மருத்துவர். பெரியவனானதும் தன்னைத் தானே சோதிக்கக் கற்றுக்கொடுக்கவும் சொன்னார்.

உங்கள் வீட்டு ஆண் குழந்தையை நீங்களே பாருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை குளிக்கும்போது கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்கிறேன். அந்த இடத்தில் ஒரு கனம் இருப்பதே எனக்கு முப்பத்து நாலு வயதில்தான் தெரிந்தது. என் உடம்புக்கு ஒரு கெடு இருந்திருக்கிறது. நான் பேசப் பழகும்போதே அது முடிந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அத்தனை பேரும் என்னைச் சுற்றித்தான் இருந்தார்கள்.