சனம் குறைந்த வரிசை

விமான நிலையத்தின் அந்தச் சிறப்பு வரிசையில் மூன்றே மூன்று பேர்தான் நின்றார்கள். பக்கத்துப் பொது வரிசையோ வாசல்வரை வளைந்து கிடந்தது. பெரியம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி பொது வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

கிளிநொச்சியில் விமான ரிக்கற் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் விமானத்தில் முதல் ஆளாக ஏற ஆசை. "ஏறி என்ன செய்யப் போறியள்? உங்களுக்காகப் பிளேன் முன்னுக்கு வெளிக்கிடுமோ?" என்று கேட்பேன். இருக்கை எங்கும் ஓடிப்போகாது. பாதுகாப்புச் சோதனையை விரைவாக முடிக்கும் வரிசைதான் பிந்தி வந்தவரைக் காப்பாற்றும். ஊருக்கெல்லாம் இப்படிப் புத்தி சொன்ன நான் பெரியம்மாவுக்கு விரைவு வரிசை, முதலில் ஏறும் சலுகை இரண்டையும் காசு கட்டி எடுத்துக் கொடுத்தேன். அவரும் ஒருமுறை முதல் ஆளாக ஏறட்டுமே என்று ஒரு ஆசை.

பெரியப்பா போரின் முடிவில் காணாமல் போனவர். பெரியம்மாவுக்கு மிஞ்சியது கனடாவில் இருக்கும் ஒரே மகள்; எனக்குத் தங்கச்சி முறை. அவளுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. அதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் அழுதாள். நானும் துணைக்குப் புறப்பட்டேன். பெரியம்மாவின் ஊரான மல்லாவியிலிருந்து நாங்கள் வந்த வான் வண்டிக்கு வழியில் டயர் வெடித்து, விமான நிலையத்துக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தோம்.

"இஞ்சால வாங்கோ பெரியம்மா, இதில கெதியா முடியும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் வரமாட்டன். எல்லாச் சனமும் நிக்கிற இடத்திலயே நிப்பம்."

காவலர் ஒருவர் சிரித்தபடி அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கைகாட்டினார். சீருடையைக் கண்டதும் பெரியம்மா முன்னால் நின்ற யாரோ ஒரு பெண்ணின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் ஓடிப் போனபோது விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவள் அங்க உங்களைத் தேடப் போறாள். உங்கட பிடிவாதத்தால எல்லாம் போச்சு" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். தங்கச்சி பிறகு சுகமாகிவிட்டாள். ஆனால் கடவுளே, அன்று கத்திய இந்த வாயை என்ன செய்தால் தகும்!

பெரியம்மா அழவில்லை. கதிரையில் மெல்ல அமர்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"சண்டை முடிஞ்ச அண்டைக்கும் ஆமிச் செக்கிங்கில ரெண்டு லைன் தம்பி. உன்ர பெரியப்பா என்னோடதான் நிண்டவர். 'இஞ்சாருங்கோ, அங்கால சனம் குறைவு, கெதியா முடியும், போங்கோ' எண்டு நான்தான் அனுப்பினனான்."