சென்றிக் கொட்டிலில் கொடுத்த பால்

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் பட்டினத்துக்குக் கருவாடு விற்கப் போவேன். கைப்பிள்ளையோடுதான் ஆமிச் சென்றியை, வழியில் இருந்த அந்த இராணுவச் சோதனைச் சாவடியை, கடக்கவேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு தகரக் கொட்டில், உள்ளே ஒரு சிங்கள ஆமிக்காரி. என் கருவாட்டை அவள் கிளறிக் கிளறிப் பார்ப்பாள். இவள் கை பட்டதைப் பிறகு யார் வாங்குவது என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

ஒருநாள் வரிசையிலேயே பிள்ளை பசியில் கத்தத் தொடங்கிவிட்டாள். கொட்டிலுக்குள் போனால், ஆமிக்காரியின் சட்டை மார்புப் பக்கம் நனைந்திருந்தது. அவசரமாகக் கையால் மறைத்தாள்.

"எனக்கும் பபா. ஊர்ல, அம்மாகிட்ட," என்றாள் அரைகுறைத் தமிழில். மார்பில் பால் கட்டிக் காய்ச்சலாம். லீவில் போவதற்குள் பால் வற்றிவிடும் என்று பயந்தாள். என் பிள்ளையைக் காட்டி, "கொஞ்சம் தாங்க," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்குப் போகப் பாஸ் கொடுக்காமல் என் கணவரை வீட்டில் குந்தவைத்தவர்களுக்குப் பிள்ளையையும் கொடுக்கவா? ஆனால் அந்த வலி எனக்குத் தெரியும். சட்டை உரசினாலே உயிர் போகும்.

"முதல் கையைக் கழுவுங்கோ," என்றேன். "துவக்கு எண்ணெய் மணக்குது. அந்தச் சட்டையையும் கழட்டுங்கோ."

அவள் தோளில் தொங்கிய துவக்கை மூலையில் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினாள். வெயிலில் நின்றவள் முதல் பாலைப் பீய்ச்சிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் கரையில் வழக்கம். அதை இவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கமுன்னமே, அவள் திரும்பி நின்று, கால் படாத சுவரோரமாகப் பீய்ச்சிவிட்டாள். அவளுடைய தாயும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

பிள்ளையைக் கொடுத்தேன். மகள் ஆள் பார்க்கவில்லை, மடமடவென்று குடித்தாள். ஆமிக்காரி குனிந்து அழுதாள். யாரும் வராமல் நான் வாசலில் தொங்கிய சாக்குத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு லீவு கிடைக்கும் வரை நான் போகும்போதெல்லாம் அப்படித்தான் நடந்தது.

அவள் திரும்பி வந்த அன்று, "உங்கட பிள்ளை குடிச்சதோ?" என்று ஆவலோடு கேட்டேன்.

"பால் இருந்தது," என்றாள். "பபா வேணாம் சொல்லுது. என்னைத் தெரியாது."

அன்று அவள் என் பிள்ளையைக் கேட்கவில்லை. என் கருவாட்டுப் பையைத் திறக்கவும் இல்லை. நான்தான் பிள்ளையை நீட்டினேன்.