வங்கி எடுக்க முந்தி நாங்கள் விற்கிற வீடு

“பலகையை நட்டால் கோயிலுக்குப் போற சனமெல்லாம் பாக்கும். பேந்து நான் என்னெண்டு தலை நிமிர்ந்து நடக்கிறது? எல்லாம் உன்ரை அவசரம்!”

என் கணவர் வாசலில் நின்று கத்தியதை ஓர் எழுத்தும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். பலகை என்றால், ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகை. சொந்த வீட்டை ஊராருக்குக் காட்டி விற்பது சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம். இதில் மாட்டுப்பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள், எனக்குத்தான் பொறுமை கிடையாது.

பலகை

டோர்வல் விமான நிலையச் சமையல்கூடத்தில் இவருடைய வேலை நேரம் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் வீட்டுக்கடன் வட்டியும் ஏறியது. தவணைகள் தவறின. வங்கி கெடு வைத்தது: அதற்குள் ஒரு வழி செய்யாவிட்டால் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நாங்கள் இருக்கிற இந்த வீட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். விற்கலாமென்றால், இன்றைய விலை கடனை அடைக்கக் காணாது.

வீடு விற்றுத்தரும் சில்வி வந்து வழி சொன்னாள். வங்கியின் சம்மதத்தோடு, கடனைவிடக் குறைந்த விலைக்கு நாங்களே விற்கலாம். மிச்சத்தைப் பிறகு கேட்பதில்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வங்கிக்கு வழக்குச் செலவு இல்லை. எங்களுக்கும் பின்னாளில் தலையெடுக்கக் கொஞ்சம் சுலபம். இவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார், பலகையைத் தவிர. சில்வி கோட்டை மாட்டிக்கொண்டே இவரைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள்: “மெஸியூ, ஒளித்து வைத்த வீட்டை ஒருவரும் வாங்குவதில்லை.”

பார்க்க வந்தவர்கள்

பலகை நட்டபின் மீன் பொரிப்பது நின்றது. வாங்க வருபவர்களுக்கு மணக்குமாம். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் விடவில்லை. கெடு நெருங்க நெருங்க வாசல் மணி அடித்தாலே விரிப்பை இன்னொருக்கால் இழுத்துவிட ஓடினேன்.

ஒருநாள் கோயிலில் கண்டு பழகிய ஒருத்தி கணவரோடு வந்தாள். அலுமாரி திறந்தாள், குளியலறைக் குழாயைத் திருகினாள், நிலவறைக்கும் இறங்கி ஏறினாள். எனக்குள் ஒரு நம்பிக்கை. தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “வாங்கிற எண்ணமில்லை அக்கா. கோயிலிலை கதைச்சவை, உண்மையோ எண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்.”

தமையனின் மூளை

கடைசியில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாதி வந்து வீட்டைப் பார்த்து, விலையும் எழுதித் தந்தாள். அன்று பின்னேரமே பக்கத்து ஊரான கர்க்லாண்டிலிருந்து இவருடைய தமையன் வந்து இறங்கினார். “தம்பி, அந்த விலைக்கு நானே வாங்கிறன். நீங்கள் இஞ்சையே இருங்கோ. ஒரு சனத்துக்கும் தெரியாது,” என்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு இவருடைய முகத்தில் வெளிச்சம்.

நான் உடனே சில்விக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தேன். இப்படிக் குறைத்து விற்கும்போது உறவுக்காரருக்கு விற்க வங்கி சம்மதிக்காது. சொந்தமில்லை என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். “நாங்கள் சகோதரம் எண்டு அவங்களுக்கு ஆர் சொல்லப்போறது?” என்று தமையன் சிரித்தார். சில்வி சிரிக்கவில்லை. “மெஸியூ, உங்கள் இரண்டு பேருடைய குடும்பப் பெயரும் ஒன்று. வங்கிக்காரருக்கு வாசிக்கத் தெரியும்.”

சம்மதம்

இன்று வங்கி பதில் அனுப்பியிருக்கிறது. தாதியின் விலைக்குச் சம்மதம். மிச்சக் கடனையும் கேட்காது. நாளை மத்தியானத்துக்குள் நாங்கள் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வீடு வங்கிக்கு, மிச்சக் கடன் எங்கள் கழுத்துக்கு. என் கையெழுத்து வைத்தாயிற்று. இவருக்குத் தமையனிடமிருந்து போன் வந்தது: “பொறு தம்பி, என்ரை கூட்டாளி ஒருத்தன்ரை பேரிலை வாங்குவம்.” அந்தக் கூட்டாளி யாரென்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. சில்வி கோட்டைக் கழற்றாமல் மேசையருகே நிற்கிறாள். “மதாம், உங்கள் கணவரிடம் நீங்களே பேசுங்கள்.”

கடன் தந்த வங்கியே இறங்கி வந்துவிட்டது, கடன் பட்டவர்தான் இன்னும் இறங்கவில்லை.

“இஞ்சருங்கோ, அந்தப் பேனையை எடுத்து ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுங்கோவன்.”