நான்காம் தூணில் இரும்பு

பள்ளிவாசல் தூணைவிட்டு இரண்டடி தள்ளி வைத்ததும் போனில் திசைகாட்டி முள் இருபது டிகிரி நகர்ந்தது. நாகூர் மீரான் அதை மறுபடி தூணோடு ஒட்டி வைத்தார். முள் பழைய இடத்துக்கு வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

“என்ன பாய், செல்லு ரிப்பேரா?” என்றான் கொத்தனார் செம்பியன். உப்புக்காற்றில் பொரிந்த பூச்சை அவன் கொத்தி எடுத்திருந்தான். கல்லைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் இரும்புப் பட்டை, துருவேறித் தெரிந்தது.

“இது எப்பப் போட்டது?”

“சுனாமிக்கு மறுவருஷம். கல்லு வெடிச்சிருச்சுன்னு எங்கப்பாவும் நானும்தான் பட்டையடிச்சு மேல பூசுனோம். ஏன்?”

மீரான் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

திருமலைராயன்பட்டினத்தில் அந்தப் பள்ளிவாசலைக் கப்பல் வியாபாரிகள் கட்டினார்கள். கோயில் வேலை தெரிந்த கல்தச்சர்கள்தான் செதுக்கியிருக்க வேண்டும். அடியில் சதுரம், இடையில் எட்டுப் பட்டை, மேலே பதினாறு என்று தூண்கள் எழும். உருவங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பூக்கள் இருக்கும். கூரை, தட்டையான கற்பலகை. தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் மாடம் உள்ள சுவர் நேர் மேற்கு.

மக்கா நேர் மேற்கில் இல்லை, இருபது டிகிரி வடக்கே தள்ளி என்று முதலில் சொன்னவர் மீரான். ஷார்ஜாவில் பத்தொன்பது வருஷம் பள்ளிவாசல்களுக்குக் கம்பளம் விரித்தவர். முழங்கால் தேய்ந்து ஊருக்கு வந்து பாய்க்கடை வைத்தார். ஜமாஅத் கூட்டத்தில் தலைவர் முகைதீன் பிச்சை, “கட்டுனவங்களுக்குக் கடல் தெரியும், நட்சத்திரம் தெரியும். ஒனக்குச் செல்லுதான் தெரியும்” என்றார். ஆனாலும் மீரான் ஜெயித்தார். சுவர் அப்படியே இருக்க, தரையில் வரிசைகளுக்கு மட்டும் நாடா சாய்த்து ஒட்டுவதென்று முடிவானது. நான்காம் தூணில் போனை வைத்து அளந்து, அங்கிருந்து அவரே ஒட்டினார். சந்தேகப்பட்டவர்களும் அதே தூணில் வைத்துத்தான் பார்த்தார்கள்.

பூச்சுக்குள் இருந்த இரும்பு முள்ளை இழுத்ததில், இருபது திரும்பவேண்டியது நாற்பது திரும்பியிருந்தது. பழையது தெற்கே எவ்வளவு தப்போ, புதியது வடக்கே அவ்வளவு தப்பு. நாடா ஒட்டி இருபத்தொரு நாள். நூற்றைந்து வேளைத் தொழுகை.

அந்திநேர மஃரிப் தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் தொழுகை தொடங்கிவிட்டது. நாடாவில் நின்றபடி உடம்பை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். பக்கத்திலிருந்த பிச்சையின் தோள் அவரை இடித்தது. திரும்ப நேரானார். திரும்பச் சாய்ந்தார். ஓதியது எதுவும் மனதில் நிற்கவில்லை.

முடிந்ததும் பிச்சை சிரித்தார். “என்னா மீரானு, நீ ஒட்டுன நாடாவுல ஒனக்கே நிக்க முடியலியா? எங்கள எல்லாம் மாயவரத்தப் பாத்துத் தொழுவ வச்சே. இப்ப நீ எந்த ஊருக்குப் போற?”

“முழங்கால் வலி, நானா” என்று அண்ணன்முறை சொல்லி மழுப்பினார் மீரான்.

வீட்டில் மனைவி சஃபியா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றினார், மாட்டினார், வாசல்வரை போய்த் திரும்பினார்.

“என்னங்க, எறும்பு கடிச்ச மாதிரி?”

சொன்னார். பட்டை, தூண், நாற்பது, இருபது. அவள் அரிவதை நிறுத்தவில்லை.

“அப்ப வாப்பா?” என்றாள்.

அவள் வாப்பா நாடா ஒட்டிய பன்னிரண்டாம் நாள் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். முந்தின நாள் மாலை அஸர் தொழுகைவரை பள்ளிக்கு வந்தார்.

“தெரியாம நடந்தது சஃபியா. அவங்க மேல குத்தமில்ல.”

“அவங்க மேலயா? வாப்பா நாக்காலிய சுவரப் பாத்து நேராதான் போட்டிருந்தாங்க. ‘மருமவனே, எனக்கு இதே போதும்’னாங்க. நீங்கதான் புடிச்சுத் திருப்புனீங்க. நீங்களே பெருமையா வந்து சொன்னீங்க.”

“நேரா இருந்தாலும் தப்புதான். அதே இருபது.”

“அது அவங்களோட தப்பு” என்றாள் சஃபியா. “நீங்க குடுத்தது வேற.”

அரிந்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, “பள்ளியில சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“எனக்கு மட்டும் எதுக்குச் சொன்னீங்க?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்பே மீரான், பள்ளியில் தொழவைக்கும் ஆலிம்சாவிடம் சொன்னார். தொழுதவற்றைத் திருப்பித் தொழவேண்டுமா என்று தனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதைக் கேட்பதாக அவர் சொன்னார். அன்றைய சுபுஹை வெளிமுற்றத்தில் பாய் போட்டுத் தொழுதார்கள். பிறகு மீரான் பழைய நாடாக்களை உரித்தார். முற்றத்தில் அளந்து, கயிறு பிடித்து, புதியவற்றை ஒட்டினார். பசை போகாத இடங்களில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். நண்பகல் ஜும்ஆத் தொழுகையில் ஆலிம்சா விஷயத்தை அறிவித்தார். மீரான் எழுந்து நின்று, தன் தவறு என்றார். பிச்சையும் இன்னும் பதினொரு பேரும் நாடாவை விட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்கள். மற்றவர்கள் நாடாவில் நின்றார்கள். சஃபியா சோறாக்கி வைத்துவிட்டுக் காரைக்காலில் கூடப்பிறந்த லாத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். மீரான் சாப்பிட்டார். நாலு மணிக்குக் கடையைத் திறந்தார். இரண்டு பாய் விற்றது.